பெயர் மட்டும் ஊர் திரும்பியவர்கள்



கோத்தா திங்கியிலிருந்து வடக்கே மெர்சிங் செல்லும் சாலை உங்களில் பலருக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரிந்த சாலை. மாவாய் தாண்டி, ஜெமாலுவாங் தாண்டி, மெர்சிங் போய், அதற்கும் அப்பால் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜோகூர் மாநிலம் முடிகிறது. இன்று அந்த வழி நெடுகச் செம்பனை. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அது பால்மரக் காடாகவும் பெருங்காடாகவும் இருந்தது. அந்தச் சாலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஒருநாள் அந்த வானத்தின் வழியாக வடக்கே போன பலர் திரும்பி வரவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஏழு வாரத்துக்குள் ஜோகூர் வரை வந்துவிட்டது. 1942 ஜனவரி 26ஆம் நாள் காலை, எண்டாவ் கடலில் சப்பானியக் கப்பல்கள் நிற்பதை ஆஸ்திரேலிய வேவு விமானங்கள் கண்டன. உடனே தாக்கவேண்டும். ஆனால் தாக்குவதற்கு என்ன இருந்தது? சிங்கப்பூரில் செலேத்தார் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 36ஆம், 100ஆம் பிரிவுகள் இருந்தன. அவற்றின் விமானத்துக்கு வில்டபீஸ்ட் என்று பெயர். ஆப்பிரிக்க மான் வகை ஒன்றின் பெயர் அது. பெயரில் இருந்த வேகம் விமானத்தில் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, அதன்மேல் துணி போர்த்தியது, மூக்கில் ஒரே இயந்திரம், மடக்க முடியாத சக்கரம். 1928இல் முதன்முதல் பறந்த வகை அது. புது விமானம் வரும், வரும் என்று காத்திருந்தே போர் வந்துவிட்டது.

இந்த விமானங்கள் பகலில் போனால் தப்பாது என்று மேலதிகாரிகளுக்கே தெரியும். அதனால்தான் இரவு வேலைக்கு மட்டும் வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவும் அந்த விமானிகள் பறந்திருந்தார்கள். ஆனாலும் அன்று பட்டப்பகலில் அனுப்பினார்கள். புறப்படவே பிற்பகல் ஆகிவிட்டது. அதற்குள் கப்பலில் வந்த படையில் பெரும்பகுதி கரையேறிவிட்டிருந்தது.

முதல் அணியில் 12 வில்டபீஸ்டுகளும், அவற்றோடு ஆஸ்திரேலியர்களின் 9 ஹட்சன் விமானங்களும் போயின. காவலுக்குச் சில போர் விமானங்கள். செலேத்தாரிலிருந்து எண்டாவுக்கு நேர்கோடு போட்டால் கோத்தா திங்கியை ஒட்டியே அந்தக் கோடு போகும். எண்டாவ் மேலே சப்பானியப் போர் விமானங்கள் காத்திருந்தன. ஐந்து வில்டபீஸ்டுகள் விழுந்தன. 100ஆம் பிரிவின் தலைவரே மாண்டார். இவ்வளவும் தெரிந்த பிறகு, மாலையில் இரண்டாம் அணியும் போயிற்று. 9 வில்டபீஸ்ட், அதே மாதிரி இரட்டை இறக்கையுள்ள 3 அல்பகோர். அதில் ஏழு விமானங்கள் திரும்பவில்லை. அந்த இரு பிரிவுகளிலிருந்தும் அன்று பறந்தவர் 72 பேர். மாண்டவர் 27 பேர். இருவர் பிடிபட்டனர். விழுந்தும் பிழைத்த சிலர் காட்டு வழியாகவும் கரையோரமாகவும் நடந்து சிங்கப்பூர் சேர்ந்தார்கள்.

முதல் அணியாவது என்ன நடக்கும் என்று முழுதும் தெரியாமல் போனது. இரண்டாம் அணி தெரிந்தே போனது. கட்டளை இட்டவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். அந்த இளைஞர்களின் துணிச்சலைப் பற்றி இரண்டு விதமாக எழுத இடமில்லை. அவர்களில் பிரிட்டிஷார் மட்டுமல்ல, ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் இருந்தார்கள். அன்றிரவே ஜெமாலுவாங்குக்கு வடக்கே நித்ஸ்டேல் என்னும் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்திரேலியத் தரைப்படை பதுங்கியிருந்து சப்பானியரைத் தாக்கியது. பால்மர வரிசைகளுக்கு நடுவே விடியும்வரை சண்டை. ஐந்தாறு நாளில் எல்லாப் படையும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கிவிட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. விமானம் விழுந்த இடத்தைத் தேடிப் போக ஆள் ஏது?

தரையில் சண்டையிட்டு இறந்தவனைக் கூட இருந்தவன் பார்த்திருப்பான். ஒரு குழி வெட்டி அடையாளம் வைத்திருப்பான். விமானத்தில் போனவன் நிலை அப்படியல்ல. கடலில் விழுந்தால் கடலோடு போயிற்று. காட்டில் விழுந்தால் எரிந்து, சிதறி, ஒரு மழைக்காலத்தில் இலை மூடிவிடும். வீட்டுக்கு ஒரு தந்தி மட்டும் போகும்: காணவில்லை என்று. இறந்தான் என்று அழவும் முடியாமல், வருவான் என்று இருக்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்த தாய்மார் எத்தனையோ பேர்.

உடல் கிடைக்காதவனை எப்படி நினைவு வைப்பது? இது நம் முன்னோருக்குப் புதிய கேள்வி அல்ல. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. நடுகல் என்பது அதுதான். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முன்னூறு ஆண்டு தாண்டி ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், பெயரைக் கல்லில் வெட்டுவதன் பலன் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் 1917இல் இதற்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தன. இன்று அதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். அது தொடக்கத்திலேயே சில விதிகளை வகுத்தது. மாண்டவர் ஒவ்வொருவர் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சின்னத்திலோ இருக்கவேண்டும். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பணக்காரர் வீட்டுப் பிள்ளையின் உடலை மட்டும் சொந்த ஊருக்குக் கொண்டு போகும் வழக்கம் கிடையாது. விழுந்த மண்ணிலேயே அடக்கம்.

சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போனால் இதைக் கண்ணால் காணலாம். சரிவான புல்தரையில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். 4,400க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் 850க்கும் மேற்பட்டோர் இன்னார் என்று தெரியாதவர்கள். அவர்கள் கல்லில், இவரை இறைவன் ஒருவனே அறிவான் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மேட்டின் உச்சியில் நிற்பது சிங்கப்பூர் நினைவுச் சின்னம். 1957 மார்ச் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அதன் கூரை ஒரு விமான இறக்கை போல நீண்டிருக்கும். இறக்கையின் கீழே உள்ள தூண்களில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் கடலிலும் காட்டிலும் மறைந்த விமானிகள் அங்கேதான் இருக்கிறார்கள். இந்திய விமானப் படையினரின் பெயர்களும் உண்டு. பின்னால் இன்னொரு சின்னம்: சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு உரியது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். நம் காதுக்குப் பழகிய பெயர்களை அங்கே வாசிக்கலாம்.

கல்லில் பெயர் வெட்டியதோடு தேடுவது நின்றுவிடவில்லை. போர் முடிந்ததும், காணாமற்போன விமானிகளைத் தேடவென்றே பிரிட்டிஷ் விமானப் படை ஒரு பிரிவை நாடு நாடாக அனுப்பியது. ஊர் மக்களிடம் விசாரிப்பதுதான் அவர்கள் வேலையில் பாதி. அடையாளம் காண்பது எளிதல்ல. ஒவ்வொருவன் கழுத்திலும் பச்சையும் சிவப்புமாக இரண்டு வில்லைகள் இருந்தன. ஆனால் அவை உலோகம் அல்ல, அழுத்திச் செய்த நார். நம் நாட்டு ஈரத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? விமானத்தின் உலோகம்தான் நிற்கும். இயந்திரத்திலும் உடற்பகுதியிலும் அடித்த எண் கிடைத்தால், எந்த விமானம் என்று தெரிந்துவிடும். நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி ஒவ்வொரு பிரிவும் தினப்பதிவு வைத்திருந்தது. அந்த விமானம் எந்த நாளில், யாரை ஏற்றிக்கொண்டு, எங்கே போனது என்று அதில் எழுதியிருக்கும். இந்நாளில் மரபணுச் சோதனையும் துணைக்கு வந்திருக்கிறது.

நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் கிடந்த ஒரு லிபரேட்டர் விமானம் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் எண் கே.எல்.654. அது விழுந்த நாள் 1945 ஆகஸ்டு 23. நாளைக் கவனியுங்கள்: சப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் ஆகியிருந்தது. காட்டிலிருந்த நேச நாட்டு அணிகளுக்குப் பொருள் போட வந்த விமானம் அது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் மாண்டனர். 67 ஆண்டு கழித்து, 2012 அக்டோபரில், கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் அவர்களை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். உறவினர்கள் கடல் கடந்து வந்து நின்றார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை முதலில் காண்பவர்கள் யார்? காட்டில் பிரம்பு வெட்டப் போகும் ஒராங் அஸ்லி மக்களும், காட்டோரத்தில் வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களும்தான். ஆகவே ஒரு வேண்டுகோள். வாய்க்கால் வெட்டும்போதோ, மறுநடவுக்கு நிலம் புரட்டும்போதோ, வளைந்த அலுமினியத் தகடு, இயந்திரத் துண்டு, எண் பொறித்த சிறு தகடு கண்ணில் பட்டால் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிலோவுக்குச் சில வெள்ளி கிடைக்கலாம். ஆனால் எண் போனால் ஆளும் போனான். கிடந்த இடத்திலேயே விட்டு, தோட்ட அலுவலகத்திலும் மாவட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் பழம்பொருள் கண்டவர் தெரிவிக்கவேண்டும் என்றுதான் கூறுகிறது. உருண்டு நீண்ட, வால் வைத்த இரும்பு எதுவானாலும் தொடவே வேண்டாம். வெடிக்காத குண்டாக இருக்கலாம். துரு ஏறினால் மருந்து செத்துவிடும் என்பது தவறான எண்ணம். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும், எழவேண்டிய கேள்விதான். வெள்ளைக்கார விமானிக்கு இத்தனை தேடல். அதே போரில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட நம் ஆட்களுக்கு என்ன? 1943இலிருந்து தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். செக்ரோலில் பெயரோடு இருந்தவர்கள், காஞ்சனபுரிக் காட்டில் பெயரில்லாமல் புதைந்தார்கள். போர்க் கைதிகளுக்கு அங்கே வரிசையாகக் கல் உண்டு; நம்மவருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. அவர்களைப் பிரிவுவாரியாகப் பதிவு செய்து வைத்த தினப்பதிவும் இல்லை. விமானியின் பெயரைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

தாத்தாவோ பாட்டியின் அண்ணனோ சயாமுக்குப் போய்த் திரும்பாத வீடுகள் உங்கள் தோட்டத்திலும் இருக்கும். நேரில் கண்டவர்கள் இப்போது மிகச் சிலர்தான். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரோடு போனார் என்ற ஐந்து விவரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். படம் இருந்தால் பின்பக்கம் பெயரை எழுதுங்கள்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போகிற குடும்பங்கள் கிராஞ்சியில் இறங்கிப் பார்க்கலாம். உள்நாட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கட்டணம் இல்லை. பதிவேட்டில் பெயரைத் தேடினால் எந்தத் தூண் என்று எண் கொடுத்திருக்கும். 1942 ஜனவரி 26 என்ற நாளில் மாண்டவர்களைத் தேடிப் பாருங்கள். வயது பெரும்பாலும் இருபதை ஒட்டியிருக்கும்.