பானைச் சோறும் பூட்டிய வீடும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் நாள்தோறும் கேட்கும் பழமொழி. அது பானைக்குப் பொருந்தும். உலைநீர் கொதித்துப் புரளுகையில் அடியிலுள்ளது மேலும், மேலுள்ளது அடியுமாக அரிசி கலந்துவிடுகிறது. ஆனால் ஓர் ஊர் அவ்வாறு கலந்து கிடப்பதில்லையே!

எங்கள் தேவாரம் மலையடிவாரத்து ஊர். மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு ஏலத்திற்கு வருகிறது. வழியில் மூட்டை குலுங்கக் குலுங்கச் சிறு காய்கள் அடியில் இறங்க, பருத்த காய்கள் மேலே தங்கும். வாயருகே ஒரு பிடி அள்ளி விலை மதிப்பவர் ஏமாறுவார். அடியிலும் நடுவிலும் எடுத்துப் பார்ப்பவரே தரத்தை அறிவார்.

இதை அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். தலைமையாசிரியனாக இருந்தபோது, மலைத்தோட்ட வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை என்று அறிந்துவர மாணவர்களை அனுப்பினேன். அவர்கள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு, திறந்திருந்த வீடுகளில் மட்டும் கேட்டு வந்தனர். மலைக்குச் செல்வோரோ விடியுமுன்பே ஜீப்பில் ஏறிவிடுவர்; அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். எவரைப் பற்றி அறியச் சென்றோமோ, அவரே கணக்கில் இல்லை! அக்கணக்கை நம்பி, அவர்தம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வேண்டுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டோம். ஒரு தாயார் வந்து, "எங்க வீட்டுக்கு யாருமே வரலையே, ஐயா" என்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

நிறையப் பேரைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமோ? தீராது. 1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்தே முகவரிகளைப் பெரிதும் திரட்டியிருந்தனர். விடை எழுதாதோர் மனம் எப்படியிருந்ததென்றும் அவர்கள் எண்ணவில்லை.

நம் நாட்டில் பேராசிரியர் மகலனோபிஸ், 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவி, பின்னர் வங்காளத்துச் சணல் விளைநிலப் பரப்பை மாதிரி முறையில் கணக்கிட்டார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியால் தொடங்கிற்று. இம்முறையின் உயிர்நிலை, எடுப்பவன் விருப்பத்திற்கு இடங்கொடாமல் எடுப்பதே. உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையை நினைவு கூருங்கள்: பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அங்கே நாடியது உறுப்பினரை. நாம் நாடுவது மாதிரியை. கை ஒன்றே.

எத்தனை வீடு போதும்? நன்கு கலந்தெடுத்த 400 வீடுகள் கிடைத்தால், நூற்றுக்கு ஐந்துக்குள் பிழை அடங்குமென்று பெரும்பாலும் நம்பலாம். அதைப் பாதியாக்க 1,600 வீடுகள் வேண்டும். ஊர் பெரிதாயினும் இக்கணக்கு அதிகம் மாறாது. இது பலருக்கும் வியப்பளிப்பது.

மறுமுறை நாங்கள் எல்லா வீடுகளுக்கும் எண்ணிட்டுச் சீட்டுக் குலுக்கினோம். சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்கலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் அந்தி மயங்கியபின் சென்றனர். அப்போதும் காணாதோரை ஞாயிற்றுக்கிழமை கண்டனர். அடுத்த ஆண்டு மாலை வகுப்பு தொடங்கிற்று. அந்தத் தாயாரின் மகனும் அதில் வந்து அமர்ந்தான்.