பிறர் வழக்கைச் சுமப்பவரின் மனப்பாரம்

சொத்துத் தகராறு, மணமுறிவு, குற்றச்சாட்டு எனத் துன்பம் வந்துற்ற வேளையில் மக்கள் வழக்கறிஞரை நாடுகின்றனர். தங்கள் கவலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓரளவு ஆறுதலுடன் வீடு திரும்புகின்றனர். அந்த வழக்கறிஞர் தம் கவலையை யாரிடம் ஒப்படைப்பார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வி பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. அங்குக் கிடைத்த விடைகள், பொறுப்பு மிகுந்த தொழிலில் பிள்ளைகளை அமர்த்தியுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் பயன் தருவன.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்டு அறநிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 19 மாநிலங்களைச் சேர்ந்த 12,825 வழக்கறிஞர்கள் அதில் பங்குபெற்றனர். நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 பேரிடம் மனப்பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தீங்கு பயக்கும் அளவில் மது அருந்தி வந்தார். தொழிலுக்கு வந்து பத்தாண்டுகள் நிறையாத இளையோரிடமே இத்தொல்லைகள் மிகுந்திருந்தன.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, நேரக் கணக்கு. அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்களில் ஒவ்வொரு மணியும் ஆறு நிமிடக் கூறுகளாகப் பகுக்கப்பட்டுக் கட்சிக்காரரின் கணக்கில் எழுதப்படுகிறது. ஆண்டுக்கு 1,900 அல்லது 2,000 மணி நேரம் இவ்வாறு கணக்குக் காட்டவேண்டும் எனப் பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. இரண்டு வார விடுப்புப் போக, வாரத்திற்கு 38 முதல் 40 மணி. உணவு வேளையும் அலுவலக நிர்வாக வேலையும் இக்கணக்கில் ஏறா. அவற்றை ஈடுகட்ட இரவு உறக்கமும் ஞாயிறு ஓய்வும் பலியாகின்றன.

இரண்டாவது, தொழிலே வளர்க்கும் மனப்பாங்கு. ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் எந்தெந்த வழியில் கேடு விளையக்கூடும் என முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். அது அவருக்கு அழகு. ஆனால் அதே கண்கொண்டு தம் இல்லறத்தையும் எதிர்காலத்தையும் நோக்கத் தொடங்கினால், தொழிலில் துணைநின்ற குணமே துயரத்திற்கு வித்தாகிறது. உளவியல் அறிஞர் மார்ட்டின் செலிக்மன் இதனை விளக்கியுள்ளார்.

இவ்வளவு துன்புற்றும் பலர் உதவி நாடுவதில்லை. ஏன்? பிறருக்குத் தெரிந்துவிடுமோ, இரகசியம் காக்கப்படுமோ என்னும் அச்சங்களே முதன்மையான தடைகள் என்று அதே ஆய்வு கண்டது. பிறர் இரகசியத்தைக் காப்பதையே கடமையாகக் கொண்டவர்கள், தம் இரகசியத்திற்குக் காவலின்றி வாடுகின்றனர்!

இவ்வச்சத்தை நீக்கவே அந்நாட்டின் மாநிலங்கள்தோறும் வழக்கறிஞர் உதவித் திட்டங்கள் இயங்குகின்றன. சக வழக்கறிஞரின் கடுமையான ஒழுங்கீனத்தை அறிந்தவர் அதனை உரியவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சங்கத்தின் முன்மாதிரி விதி. ஆயினும் இத்திட்டத்தின் வழியே அறிந்த செய்திகளுக்கு அவ்விதியே விலக்கு அளிக்கிறது.

அண்மைக் காலத்தில் தொழில்வழிப் பயிற்றுநர்களும் பெருகியுள்ளனர். நேரத்தை ஒழுங்குபடுத்தவும், தகாத வேலைச் சுமையை மறுக்கவும், தொழிலில் எதை நாடுகிறோம் எனத் தெளியவும் அவர்கள் துணைபுரிகின்றனர். எனினும் பயிற்றுநர் மருத்துவர் அல்லர். வாரக்கணக்கில் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஆகியவை தோன்றின் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

பெற்றோரும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் கிரீகர், ஷெல்டன் என்னும் இரு பேராசிரியர்கள் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட அமெரிக்க வழக்கறிஞர்களை ஆராய்ந்தனர். மகிழ்ச்சிக்கும் வருவாய்க்கும் உள்ள தொடர்பு சிறிதே. பிறருடன் நல்லுறவும், தம் விருப்பப்படி செயலாற்றும் உரிமையும், வேலையில் கண்ட பொருளுமே மகிழ்ச்சியுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. குறைந்த ஊதியத்தில் பொதுநலப் பணியாற்றியோர், பெருநிறுவனங்களில் உயர்ந்த ஊதியம் பெற்றோரைவிட மகிழ்வுடன் இருந்தனர்.

ஆகவே, இரவு தாமதமாக வீடு திரும்பும் மகனிடமோ மகளிடமோ, "வழக்கு வென்றதா? எவ்வளவு கிடைத்தது?" என்று முதலில் வினவாதிருப்போம். "சாப்பிட்டாயா? மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். அவர்கள் சொல்வதைத் தீர்ப்புக் கூறாமல் கேட்போம். கேட்டதை அண்டை வீட்டாரிடம் சொல்லாதிருப்போம்.