கதவைத் தாங்கும் கீல்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினைப் புகழ்வர்; வேகத்தைப் புகழ்வர். கதவைத் தாங்கும் கீலைப் பற்றி வாய் திறப்பவர் அரியர். மாணவர்களே, இன்று அந்தக் கீலைப் பற்றியே கூற விரும்புகிறேன்.

நம் கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் தலைவாசற் கதவு மரக் குடுமியில் நின்று சுழலும். கதவின் பாரம் நேரே கீழேயுள்ள குழியில் இறங்கிவிடும். மோட்டார் வண்டிக் கதவோ ஓர் ஓரத்தில் மட்டும் பிடிக்கப்பட்டு அந்தரத்தில் தொங்குகிறது. கதவின் எடை 10 கிலோ, அதன் எடைமையம் கீலிலிருந்து 35 செ.மீ. தொலைவில், இரு கீல்களுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி, மேற்கீலை 17.5 கிலோ விசை வெளியே இழுக்கிறது; கீழ்க்கீலை அதே அளவு விசை உள்ளே தள்ளுகிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அச்சாணி தேய்கிறது. அது நிற்கும் துளையும் நீள்வட்டமாகிறது. மேற்கீலில் 1 மி.மீ. தளர்ச்சி இருந்தால், 70 செ.மீ. நீளமுள்ள கதவின் மறுமுனை 3.5 மி.மீ. தாழ்ந்துவிடும். பூட்டின் நாக்கு தன் இடத்தைத் தவறுவது இதனால்தான்.

சில வண்டிகளில் இஃது உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் இருவர் அமரும் பந்தய வகை வண்டிக்குக் கதவின் பின்னோரத்தில் கீல். ஓடும்போது பூட்டு நழுவினால், எதிர்க்காற்றே கதவை வாரித் திறந்துவிடும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அத்தகைய வண்டியொன்றைக் கண்டேன். பூட்டின் நாக்கு ஏறும் தகட்டைச் சிறிது இறக்கி வைத்தால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். "இன்னிக்கு எறக்குனாப் பொங்கலுக்குள்ள கதவு மறுபடி எறங்குமுங்க" என்றார் மேஸ்திரி. அவர் கூறியதே இயந்திர நூலும் கூறுவது.

அவர் கதவைச் சிறிது திறந்து, முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அச்சாணி மட்டும் ஆடினால் குற்றம் கீலில். கீலின் தகடே ஆடினால் அதைத் தாங்கும் தூணில். எம்.ஜி. வண்டியின் உடற்கூடு ஆஷ் என்னும் மரத்தாலானது. மரம் மழைநீரில் உளுத்துப்போனால், புதுக் கீலும் அதில் நிற்காது. உளுத்த பகுதியை நீக்கி, நல்ல மரத்தை ஒட்டவைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.

அந்த வண்டியில் மரம் உறுதியாக இருந்தது. ஆகவே, கதவின் அடியில் துணி சுற்றிய கட்டையை முட்டுக் கொடுத்து, பழைய தகட்டின் விளிம்பைக் கீறிக் குறித்துக்கொண்டு, கீலைக் கழற்றினார். நீள்வட்டத் துளையில் புது அச்சாணியை மட்டும் செருகுவது வீண் வேலை. துளையை ரீமரால் சற்றே பெரிதாக்கி வட்டமாக்கினார். வெண்கலப் புஷ் ஒன்றை அழுத்திச் செருகினார். உருக்கு அச்சாணியை லேத்தில் கடைந்தார். உருக்கைவிட வெண்கலம் மென்மையானது. ஆதலின் எளிதில் மாற்றத்தக்க புஷ்ஷே முதலில் தேயும். திருகுகளைத் தளர்வாகவே பூட்டி, கதவைச் சுற்றிலும் இடைவெளி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே இறுக்கினார். பூட்டுத் தகட்டில் கடைசியாகத்தான் கை வைத்தார்.

இத்தகைய கைத்திறன் கோவையில் தற்செயலாக வந்ததன்று. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும் அதன்பின் எழுந்த ஆலைகளும் உதிரி உறுப்புகள் கேட்டன; 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் கிணற்றுப் பம்புகள் கேட்டன. வார்ப்படமும் லேத்தும் தெருத்தோறும் பெருகின. 70 ஆண்டுகளுக்கு முன்பே உற்பத்தி நின்ற வண்டிக்கும் இங்கே அச்சாணி பிறப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே செல்லும்போது வண்ணப்பூச்சை நோக்குமுன், ஒவ்வொரு கதவுக்கும் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தூக்கிப் பார்க்க மட்டும் முயல வேண்டாம்.