கருணையும் விழிப்புநிலையும்: வியட்நாம் தரும் படிப்பினை

தியானம் என்றதும் உலகைத் துறந்தோரின் தனிமையே நம் நினைவுக்கு வருகின்றது. சமூக மாற்றத்தை வேண்டி நிற்போர் அதனை ஐயத்துடன் நோக்குவதும் இதனாலேயே. எனினும், வியட்நாமியத் துறவி திக் நாட் ஹானின் (1926–2022) பணிகளை நோக்குமிடத்து, இவ்வையத்தை நாம் மீள்பரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

போர் உக்கிரமடைந்த 1960களின் நடுப்பகுதியில், சைகோனில் இளைஞர் சமூக சேவைப் பள்ளியை நிறுவுவதில் அவர் முன்னின்றார். அதன் தொண்டர்கள் குண்டுவீச்சினால் அழிந்த கிராமங்களை மக்களோடு சேர்ந்து மீளக் கட்டினர். எத்தரப்பையும் சாராமையால் இரு தரப்பினரதும் சந்தேகத்துக்கு ஆளாகினர்; சிலர் கொல்லவும்பட்டனர். 1966இல் ஆறு உறுப்பினருடன் 'தியெப் ஹியென்' என்னும் சங்கம் தோன்றிற்று. முதற்சொல் தொடர்புற்றிருத்தலையும், மற்றையது இக்கணத்தில் மெய்ப்படுத்தலையும் குறிக்கும். வாரத்தில் ஒரு நாளை அவர்கள் விழிப்புநிலைப் பயிற்சிக்கு ஒதுக்கினர். அது தொண்டிலிருந்து விலகுதற்கன்று, வெறுப்புக்கு இரையாகாது தொண்டினைத் தொடர்தற்கேயாகும்.

ஒரு தாளிலே மழையையும் மரத்தையும் மட்டுமன்றி, மரம்வெட்டியின் உழைப்பையும் அவனுண்ட உணவையும் காணுமாறு திக் நாட் ஹான் கற்பித்தார். கூர்ந்த கவனம் உறவுணர்வாக மாறும் இடம் இதுவே எனலாம்.

இன்றோ விழிப்புநிலைப் பயிற்சி, பணியிட உளைச்சலைத் தணிக்கும் சரக்காகவும் விற்கப்படுகின்றது. உளைச்சலின் காரணங்கள் அங்கே வினாவுக்குட்படுவது அரிது. அயலவன் துயரைக் காணாத அமைதி வெறும் மயக்கமே. கண்டு, அவனோடு தோள்சேரும்போதே கருணை உறவாக மலர்கின்றது என்பது நாம் பெறும் படிப்பினையாகும்.