கடலுக்கு நடுவே ரெயில், கரையோரம் டவுன் பஸ்: முந்நூறு ரூபாயில் தனுஷ்கோடி போய் வரலாம்!

ராமேசுவரம்:

தனுஷ்கோடி என்றாலே வேன் பிடிக்கணும், ரூம் போடணும், ஆயிரக்கணக்கில் பழுக்கும் என்று பயந்து வருஷக்கணக்காக தள்ளிப் போடும் குடும்பங்கள் நம்ம பக்கத்தில் ஏராளம். அவ்வளவெல்லாம் வேண்டாங்க. மதுரையில் காலையில் ஏறினால், ரெண்டு கடலையும் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கலாம். தேவை, பாசஞ்சர் டிக்கெட்டும் கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணும்தான்.

மதுரையில் இருந்து ராமேசுவரத்துக்கு ரெயில் பாதை சுமார் 160 கி.மீ. பாசஞ்சரில் முன்பதிவு கிடையாது, கட்டணம் ஐம்பது ரூபாய்க்குள்தான். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று நின்று நின்று போகும். நாலு மணி நேரம் ஆகும் என்று சலித்துக் கொள்பவர்களும் உண்டு. ராமநாதபுரம் வரை பனையும் கருவேலமும்தான், பெரிதாக பார்க்க ஒன்றும் இல்லை. அதுவரை தூங்கலாம். மண்டபம் வந்ததும் எழுந்துவிடுங்க.

பாம்பன் பாலத்தில்...

மண்டபம் தாண்டியதும் தரை முடிந்துவிடும். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. ஜன்னல் எந்தப் பக்கம் கிடைத்தாலும் கடல்தான், அதனால் சீட்டுக்கு சண்டை போட வேண்டாம்.

1914-ல் திறந்த பழைய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதியை ஆட்களே கம்பியைத் தள்ளி இரண்டாக திறப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் இந்தப் பாலம் சிதைந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு கிளம்பிய பாசஞ்சர் ரெயிலை அதே ராத்திரி கடல் கொண்டு போனது. அதில் இருந்த பயணிகள் யாரும் பிழைக்கவில்லை. பாலத்தை ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரி செய்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் அதோடு ரெயில் போகவே இல்லை.

பழைய பாலம் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரெயில் நின்றது. ரெண்டு வருஷத்துக்கு மேல் பாசஞ்சர் ஜனங்கள் வழியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் மாறி ராமேசுவரம் போனார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புது பாலம் திறந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். வேகமும் கூடிவிட்டது. பழைய பாலத்தில் ஊர்ந்து போனபோது கடலை கொஞ்சம் கூடுதலாக பார்த்தோம் என்பதும் உண்மைதான்.

ஒன்று, செல்போனை நீட்டிக்கொண்டு படிக்கட்டில் தொங்காதீங்க. கீழே கடல், பிடிக்க ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலமாக அடித்தால் ரெயிலை நிறுத்தி வைப்பார்கள். அந்த மாதிரி நாளில் பஸ்சுக்கும் தனியாக காசு வைத்துக் கொள்வது நல்லது.

டவுன் பஸ் இருக்க ஆட்டோ எதுக்கு?

ராமேசுவரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். தனுஷ்கோடிக்கு போய் வர நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். அரசு டவுன் பஸ்சில் சில்லறைக் காசில் முடிந்துவிடும். பெண்களுக்கு 2021-ல் இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை. ஏறும் முன் கண்டக்டரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: "அரிச்சல்முனை வரைக்கும் போகுமா? கடைசி பஸ் எப்போ?" சில பஸ் முன்னாடியே திரும்பிவிடலாம். கடைசி பஸ்சை விட்டால் மிச்சம் பிடித்த காசு அத்தனையும் ஆட்டோவுக்குத்தான். பொழுது சாய்ந்தபின் போலீசாரும் அங்கே யாரையும் நிற்க விடமாட்டார்கள்.

முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கி.மீ. ரோடு 2017-ல் திறந்தது. அதுவரைக்கும் மணலில் வேனில் குலுங்கித்தான் போகணும். இப்போது பஸ் ஜன்னலிலேயே எல்லாம் தெரிகிறது. இடது பக்கம் குளம் மாதிரி கிடப்பது பெண் கடல். வலது பக்கம் சீறுவது ஆண் கடல். இங்குள்ள மீனவர்கள் வைத்த பேர் அது. ரெண்டும் சேரும் இடம்தான் அரிச்சல்முனை. காலை நனைப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்க, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

திரும்பும்போது பழைய தனுஷ்கோடியில் இறங்கினால் இடிந்த சர்ச், ரெயில் நிலையத்தின் மிச்சச் சுவர் எல்லாம் நடந்தே பார்க்கலாம். கடைகளில் மீன் வறுவல் மணம் இழுக்கும். விலை கேட்டுவிட்டு சாப்பிடுங்க. நிழல் கிடையாது. வயசானவங்களை கூட்டிப் போனால் குடையும் தண்ணீரும் மறக்காதீங்க.

வீடு திரும்ப...

சாயங்காலம் திரும்பும் பாசஞ்சர் நேரத்தை காலையில் இறங்கியதுமே ஸ்டேஷன் போர்டில் பார்த்துவிடுங்க. அங்கே எக்ஸ்பிரஸ் ரெயிலும் நிற்கும். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏறினால் அபராதம்தான், தெரியாமல் ஏறினேன் என்றாலும் விடமாட்டார்கள்.

நேரம் இருந்தால் ராமநாதபுரம் வரை பஸ்சிலும் வரலாம். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் வழியிலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. 1988-ல் திறந்த ரோடு பாலத்தில் பஸ் ஏறும்போது ரெயில் பாலம் கீழே முழுசாகத் தெரியும். காலையில் நாம் அதுக்கு மேல்தான் வந்தோம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாளில் மட்டும் சுற்றிப் பார்க்க கிளம்பாதீங்க. திதி கொடுக்க வரும் கூட்டத்தில் ரெயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது.