புழுவுக்கு வைத்த நஞ்சு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தர்மபுரத்துத் தேநீர்க்கடைகளில் காலை ஆறு மணிக்கே ஆள் கூடிவிடும். ஒரு கையில் பிளேன்ரீ, மறு கையில் தனியாக வாங்கிய ஒற்றைச் சிகரட். அப்படியொரு கடை வாங்கில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒரு இழுவைக்கு இரண்டு இருமல். கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்: "ஐயா, இதை விட்டால் என்ன?"

அவர் கோபப்படவில்லை. "தம்பி, செல்லடிக்குள்ளயே சாகாத ஆள் நான். இனி இந்தத் துண்டாலயோ சாகப்போறன்? அப்பிடித்தான் எண்டாலும், நாப்பது வருசம் பத்தின நெஞ்சு. இப்ப விட்டு என்னத்துக்கு?"

முதற் கேள்விக்கு விடை சிகரட் பெட்டியிலேயே படமாக இருக்கிறது. பெட்டியின் 80 வீதத்தை அந்தப் படம் பிடித்திருக்க வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். உலகத்தில் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புகையிலை கொல்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடைதான் என்னை வியக்க வைத்தது. ஆனால் அதற்கு முதல் செடியிடம் போக வேண்டும்.

புகையிலைச் செடி நிக்கொட்டினை எங்களுக்காகச் செய்யவில்லை. அதை வேரில் செய்து, தண்ணீர் ஏறும் குழாய் வழியே இலைக்கு அனுப்புகிறது. இலையைத் தின்ன வரும் புழு பூச்சிக்கு வைத்த நஞ்சு அது. ஒரு புழு இலையைக் கடித்தால் சேதி வேருக்கு இறங்கும், வேர் நஞ்சைக் கூட்டிச் செய்யும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூ விரிய முன்னமே நுனியைக் கிள்ளி, பக்கக் கன்றுகளையும் உடைத்து விடுவார்கள். இலை தடிக்கும், காரம் ஏறும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்குச் சரிதான். தன் தலையையே ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்று அந்தச் செடி நினைத்துக்கொள்கிறது, உள்ள நஞ்சையெல்லாம் இலைக்கு ஏற்றுகிறது. ஒல்லாந்தர் காலத்திலேயே மலையாளக் கரைக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலையின் பேர்போன காரத்தில் பாதியாவது ஒரு செடியின் பயம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த நஞ்சு எப்படி வேலை செய்கிறது? எங்கள் நரம்புகளும் பூச்சியின் நரம்புகளும் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அசற்றைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. அது வந்து இருந்துவிட்டு எழும்ப வேண்டிய கதிரையில் நிக்கொட்டின் ஏறிக் குந்திவிடும், இலேசில் எழும்பாது. பூச்சி வலிப்பு வந்து சாகும். புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து மிளகாய்ச் செடிக்கு அடித்தவர்களுக்கு இது தெரிந்த விசயம். மழையில் நனைந்த புகையிலையை வெறுங்கையால் முறிக்கிறவர்களுக்குத் தலைசுற்றும், சத்தி வரும். தோலாலேயே அது உள்ளே இறங்குகிறது.

மனிதருக்குச் சிகரட்டில் கிடைப்பது சிறிய அளவு. ஆனால் இழுத்த 10 – 20 செக்கனில் அது மூளைக்குப் போய், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமினைச் சுரக்க வைக்கிறது. ஊசியால் ஏற்றும் மருந்துகூட இந்த வேகத்தில் போவது அரிது. நாளாக நாளாக மூளை கதிரைகளைக் கூட்டிப் போடுகிறது. நிக்கொட்டினோ சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு முழுக்க நித்திரை, விடிய எழும்பினால் அத்தனை கதிரையும் வெறுங்கதிரை. ஆறு மணிக்கே கடைக்கு ஆள் வருவதற்குத் தேத்தண்ணி மட்டும் காரணமில்லை.

அடிமைப்படுத்துவது நிக்கொட்டின். கொல்வது பெரும்பாலும் புகையோடு வரும் மற்றவை. காபனோரொட்சைட்டு குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். ஒட்சிசன் ஏற வேண்டிய பஸ்ஸில் அது ஏறி இருந்துவிட, இதயம் இரட்டை வேலை செய்கிறது. நாடிகளின் உட்சுவர் கெட்டு மாரடைப்பும் பாரிசவாதமும் வருவது இந்த வழியில். தாரும் கலந்த இந்தப் புகையில் புற்றுநோயைத் தரவல்ல பொருட்கள் ஏறத்தாழ எழுபது. பீடி 'இலை தானே, சின்னன் தானே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பீடி இலையில் காற்றுப் போக வழி குறைவு, அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் புகையில் நிக்கொட்டினும் காபனோரொட்சைட்டும் தாரும் குறைவதில்லை, கூடத்தான் செய்கின்றன. சிகரட் விலை ஏற ஏறப் பீடிக்கு மாறுகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம், சுவாசப்பையை அல்ல.

சுவாசக் குழாயின் உட்புறம் முழுக்கப் பிசிர் எனப்படும் நுண்மயிர்கள். காற்றில் நெல் வயல் அசைவதுபோல, செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு தொண்டைக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. புகை பட்டால் அவை முடங்கிவிடும். சளி அடியில் தேங்கும். அதைக் கிளப்ப உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். அந்தப் பெரியவரின் இரண்டு இருமல் அதுதான்.

இப்போது அவருடைய இரண்டாவது கேள்வி. 1950 இல் இங்கிலாந்தில் ரிச்சட் டோலும் ஒஸ்ரின் பிராட்போட் ஹில்லும் லண்டன் வைத்தியசாலைகளின் நோயாளிகளை ஆராய்ந்து, சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். டோல் தானும் புகைத்தவர்தான். கணக்கு எங்கே போகிறது என்று கண்டதும் விட்டுவிட்டார். 1951 இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, 34,439 ஆண் வைத்தியர்களை அரை நூற்றாண்டு பின்தொடர்ந்தார்கள். முடிவு 2004 இல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் செத்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு. அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று.

அந்த மூன்று வருடத்தில் ஒரு பங்காவது எங்கிருந்து வந்திருக்கலாம்? 2020 இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 16 பேரின் சுவாசக் குழாய்க் கலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மரபணுவை வாசித்தன. புகைக்கிறவர்களின் பத்துக் கலத்தில் ஒன்பது புகையால் விகாரமடைந்தவை, சிலவற்றில் பத்தாயிரம் வரை மேலதிக விகாரங்கள். விட்டவர்களிடம் கண்டதுதான் புதுமை. அவர்களின் கலங்களில் 40 வீதம் வரை, பிறந்ததிலிருந்து புகைக்காதவருடையது போல இருந்தன. பழுதான கலங்கள் தம்மைத் திருத்திக்கொண்டவை அல்ல இவை. வருடக்கணக்கான புகைக்குள்ளும் எங்கோ ஒதுங்கித் தப்பிய ஒரு சில கலங்கள், புகை நின்றதும் பெருகிப் பழுதானவற்றின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. காடு எரிந்த தரையில் ஒரு மூலையில் தப்பிய அறுகு அடுத்த மாரிக்குப் பரவுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். எல்லாம் திரும்பாது என்பதையும் சொல்ல வேண்டும். சுவாசப்பையின் சிற்றறைச் சுவர்கள் உடைந்தால் உடைந்ததுதான். அதனால்தான் நாளைக்கு என்று தள்ளுவது நட்டம்.

விடுவது மனவுறுதியை மட்டும் பொறுத்த விசயம் என்பதை நான் ஏற்கமாட்டேன். உதவி எதுவுமில்லாமல் முயல்கிறவர்களில் நூற்றுக்கு நாலு பேரளவில்தான் வெல்கிறார்கள். 2024 இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட வழிகாட்டி, ஆலோசனையோடு நிக்கொட்டின் பிளாஸ்டர், சுவிங்கம் போன்றவற்றையும் வரெனிக்லின், புப்புரோபியன், சைற்றிசின் மருந்துகளையும் பரிந்துரைக்கிறது. எது யாருக்கு ஒத்துவரும் என்று வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சுவிங்கத்தை வெற்றிலை மாதிரிச் சப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் கொடுப்புக்குள் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனால் மறுபடி சப்பலாம். கோப்பி, சோடா குடித்த கையோடு போட்டால் ஊறாது.

குறைத்துக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் நிறுத்துவதா? 2016 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரிடம் பார்த்தார்கள். இரு பக்கத்தாருக்கும் உதவி கொடுக்கப்பட்டது. நாலு கிழமை முடிவில் ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 வீதமும், குறைத்து வந்தவர்களில் 39 வீதமும் புகைக்காமல் இருந்தார்கள். நாள் குறித்து நிறுத்துவதே மேல்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல், நித்திரையின்மை, பசி எல்லாம் வரும், சில கிழமையில் அடங்கும். ஆசை எழும்பும் ஒவ்வொரு முறையும் சில நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு வாங்கிலை விட்டு எழும்பி ஒரு நடை போய் வந்தால் போதும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, அந்தக் கிழமை அவரோடு சண்டை பிடிக்காமல் இருப்பது. கதைத்துக் கேட்க விரும்பினால் புகையிலை மற்றும் மதுசார தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கம் இருக்கிறது.

இன்னொன்று. விட்ட பிறகு சிலருக்கு இருமல் கூடும், 'பத்தினபோது நல்லா இருந்தனே' என்று திரும்பவும் பற்றவைப்பார்கள். முடங்கிக் கிடந்த பிசிர்கள் எழும்பித் தேங்கிய சளியைத் தள்ளத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இருமல் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தால், அல்லது சளியில் இரத்தம் கண்டால், அதைப் பிசிரின் தலையில் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். புகைத்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூட.