ஏரிமேல் ஓடலாம், வாங்க!

பின்லாந்து நாட்டுப் பள்ளிகளில் குளிர்காலத்தின் நடுவே ஒரு வாரம் விடுமுறை விடுவார்கள். அதன் பெயரே 'பனிச்சறுக்கு விடுமுறை'தான்! நாடு முழுவதும் ஒரே வாரத்தில் வராது. பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, தெற்கே ஒரு வாரம், வடக்கே ஒரு வாரம் என்று பிரித்து விடுவார்கள். விடுமுறை வந்ததும் பல குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஏரிக்கரை மரவீட்டுக்குக் கிளம்பிவிடும். அந்த வீட்டை அங்கே 'மொக்கி' என்பார்கள். சுமார் 56 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் இப்படி 5 லட்சம் வீடுகள் இருக்கின்றன. ஏரிகள் எத்தனை தெரியுமா? சிறியதும் பெரியதுமாக 1,88,000!

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. ஆனாலும் பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்குவதில்லை. உறைந்த ஏரிதான் அவர்களுடைய விளையாட்டுத் திடல்.

தண்ணீர் எப்படித் திடல் ஆகும்? உருகிய நெய்யில் உறைந்த நெய்க் கட்டியைப் போட்டுப் பாருங்கள், அடியில் போய் உட்காரும். பெரும்பாலான பொருள்கள் அப்படித்தான். தண்ணீருக்கோ விசித்திரமான குணம். குளிரக் குளிர அதன் அடர்த்தி கூடும். ஆனால் 4 டிகிரி வரைதான். அதற்கும் கீழே குளிர்ந்தால் விரிந்து லேசாகிவிடும். அதனால் மிகக் குளிர்ந்த நீர் மேலேயே நின்று உறைகிறது. 4 டிகிரியை ஒட்டிய நீர் அடியில் தங்குகிறது. மேலே பிள்ளைகள் ஓடி விளையாட, கீழே மீன்கள் உயிரோடு நீந்துகின்றன. தண்ணீருக்கு இந்தக் குணம் இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது.

ஆனால் எல்லாப் பனிக்கட்டியும் ஒன்றல்ல. கருமையாக, கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிவது உறுதியானது. பால்போல் வெளுத்திருப்பது, ஈரப்பனி உறைந்து உண்டானது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்தது. அதற்குப் பாதி வலுதான். தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிமன் இருந்தால்தான் குடும்பமாக இறங்கி விளையாடலாம். பெரியவர்கள் முதலில் கூரான இரும்புக் கம்பியால் குத்தி, துளையிட்டு அளந்து பார்ப்பார்கள். ஓடை வந்து கலக்கும் இடம், பாலத்தின் அடி, நாணல் புதர் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. அங்கெல்லாம் பனிக்கட்டி பெரும்பாலும் மெலிந்திருக்கும். கழுத்தில் இரண்டு கைப்பிடி ஊசிகளைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்வார்கள். தவறி விழுந்தால் அவற்றைப் பனிக்கட்டியில் குத்தி, இழுத்து, மேலே ஏறலாம். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. படுத்தபடியே, வந்த வழியில் உருண்டு போக வேண்டும். அப்போதுதான் எடை ஓரிடத்தில் அழுந்தாமல் பரவும்.

பனிச்சறுக்கின் ரகசியமும் இதே எடைக் கணக்குதான். பூட்ஸோடு மென்பனியில் நடந்தால் முழங்கால் வரை புதையும். அதே ஆள் நீளமான சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டால், அவ்வளவு எடையும் பெரிய பரப்பில் பரவிவிடும், புதைய மாட்டார். கையில் இரண்டு கோல்களை ஊன்றித் தள்ளிக்கொண்டே போவதால் கால், தொடை, முதுகு, தோள், கை எல்லாவற்றுக்கும் வேலை. உடம்பு முழுவதும் உழைக்கும் பயிற்சிகளில் இதற்கு இணையானவை மிகச் சில.

சறுக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு உதைவண்டி இருக்கிறது. முன்னால் ஒரு நாற்காலி, அடியில் இரண்டு நீளமான எஃகுக் கம்பிகள். தம்பியையோ பாட்டியையோ நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் கம்பிமேல் ஒரு காலை ஊன்றி, மறு காலால் உதைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு பறக்கும். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? உறைநிலைக்குக் கீழேயும் அதன் மேற்பரப்பில் மிக மிக மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது என்று 1850-லேயே மைக்கேல் ஃபாரடே சொன்னார். கம்பி உராயும்போது பிறக்கும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

மாலையில் குளிர் ஏறும்போது ஏரி 'பியூ...ங்' என்று கத்தும். முதல்முறை கேட்பவர்கள் பயந்துவிடுவார்கள். குளிரால் பனிக்கட்டி சுருங்கி, எங்கோ தொலைவில் விரிசல் விடுகிறது. அந்த அதிர்வில் கீச்சென்ற ஒலி வேகமாகவும் கனத்த ஒலி மெதுவாகவும் பனிக்கட்டி வழியே ஓடிவருகின்றன. அதனால்தான் கீச்சொலி முதலில் கேட்டு, பிறகு தணிந்துகொண்டே போகிறது. பனிக்கட்டி கெட்டியாக இருந்தால் இந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு குளிரில் பிள்ளைகளுக்கு நடுங்காதா? நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஓடுகிறவரின் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிகிறது என்றே சொல்லலாம். கம்பளிச் சட்டை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு இடையே காற்றைப் பிடித்துவைத்து, உள்ளிருக்கும் வெப்பம் தப்பாமல் காக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே குளிரைவிடப் பெரிய எதிரி வியர்வை! தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஓட்டத்தை நிறுத்தினால், சில நிமிடங்களில் பல் கிட்டும். அதனால் ஒரே தடித்த கோட்டு போடாமல், மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவார்கள். உடம்பு சூடானால் ஒன்றைக் கழற்றுவார்கள். நின்றால் உடனே மாட்டிக்கொள்வார்கள். உடம்பை ஒட்டிய உடை மட்டும் பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு இதமான பருத்தி, வியர்வையை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர்கள் உதவியோடு இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சுற்றி உலர்ந்த பருத்தித் துணி, மற்றதைச் சுற்றி நனைத்துப் பிழிந்த அதே மாதிரித் துணி. இரண்டையும் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து எது அதிகம் ஆறியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து உலர்ந்த கம்பளித் துணியை வைத்தும் செய்து பாருங்கள். மூன்று முடிவுகளையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.